தேங்காயெண்ணெய் தடவிய டயர்

ஐயா, நெடுநாள் நிறுத்தி வைத்த சைக்கிளுக்கு எடுத்தவுடன் காற்றடிக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. முதலில் டயரின் பக்கவாட்டை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே நூல் தெரிந்தாலோ, ரப்பர் பிசுபிசுத்தாலோ அது ஆகாது. பூந்தமல்லியில் பதினான்கு வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

உலகநாதனின் டயரையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவன் மனைவி வேம்புலியம்மாள் என் தாய்மாமன் மகள். முறைப்படி எனக்கு வர வேண்டியவள். "மாப்ள சொந்தமா சைக்கிள் வெச்சிகினு கீறாரு" என்று பெருமையடித்து, மாமன் அவளை அவனுக்குக் கொடுத்துவிட்டார். ஊர் சைக்கிளையெல்லாம் பழுது பார்க்கும் எனக்குச் சொந்தமாக ஒன்று கிடையாது. கல்யாணப் பந்தலில் வாழைமரம் கட்டியது நான்தான். வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் நான் பொறுமைசாலி.

நாற்பத்திரண்டில் உலகநாதன் பட்டாளத்துக்குப் போனான். ரப்பரெல்லாம் சண்டைக்குப் போய், டயர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். ஒருநாள் வேம்பு கடைக்கு வந்தாள்.

"மாமா, அவரு வர்ற வரிக்கும் டயரு கெடாம இருக்கணும். இன்னா பண்றது?"

தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும், நன்றாக ஊறும்படி. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி, உள்ளிருக்கும் துணியைவிட்டுக் கழன்றுவிடும் என்பது என் தொழிலில் உள்ள எவனுக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவனுடைய டயர் இரண்டும் பாழாகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நாலு வருடம் தடவினாள். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, தன் தலைக்கு வைப்பதை நிறுத்திவிட்டு அதற்குத் தடவினாள். வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தப் பக்கம் போவதுண்டு. சைக்கிளுக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருப்பாள். "பாரு மாமா, புச்சு மாரி மின்னுது" என்பாள். என்னை உட்காரச் சொல்ல ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு மனிதன் எவ்வளவுதான் பார்த்துக்கொண்டு நிற்பான், நீங்களே சொல்லுங்கள்.

போன சித்திரையில் உலகநாதன் திரும்பி வந்தான். ஆவடி பட்டாள டிப்போவில் வேலை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தான்.

"அண்ணாத்தே, நாலு வருசமா நின்னுகினு இருந்துது. டயரு தாங்குமான்னு பாத்து சொல்லு. நீ சொன்னா எனக்குத் தெகிரியம்."

பார்த்தேன். மேலே கருகருவென்று மினுமினுப்பு. முன்டயரில் நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. சர்க்கார் பர்மிட்டில் வாங்கிய புது டயர் ஒன்று என் கடைப் பரண்மேல்தான் இருந்தது. "ரெண்டு வருசத்துக்குக் கவலையே இல்ல" என்றேன். கல்லுமாதிரி காற்றடித்துக் கொடுத்தேன். பட்டாள லாரிகள் பறக்கிற சாலையில்தான் அவன் போக வேண்டும்.

மூன்றாம் நாள் காலை, பருத்திப்பட்டு அருகே முன்டயர் வெடித்தது. பின்னால் வந்த லாரி அவன்மேல் ஏறியது. விபத்து என்று எழுதி நீங்களும் முடித்துவிட்டீர்கள். பாடை கட்டியதும் நான்தான். ஒரு வருடம் போகட்டும், முறையுள்ளவன் நான்தானே, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அதற்குள் துக்கம் கேட்க வந்த பட்டாளத்து மெக்கானிக் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், எண்ணெய் பட்ட டயர் வீணாகிவிடும் என்று அவளிடம் சொல்லிவிட்டான். அதுமுதல் அவள் சோறு தொடுவதில்லை. நேற்று போய்ப் பார்த்தேன். உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் கையாலயே அவர சாவடிச்சிட்டேனே மாமா! எண்ண தடவ சொன்னது யாருன்னுகூட நெனப்புல இல்ல. நானாத்தான் பண்ணிகினு இருந்திருக்கேன்."

யோசித்துப் பாருங்கள் ஐயா. தடவச் சொன்னவன் நான். நகத்தால் அழுத்திப் பார்த்தவன் நான். காற்றடித்தவன் நான். அவள் கணக்கில் அந்தச் சாவிலும் அவனும் அவளும் மட்டும்தான் இருக்கிறார்கள்.

அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் வந்தேன், வேறொன்றுமில்லை. உலகநாதனைக் கொன்றது மணவாளன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேம்புக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது அனுப்பி வாசித்துக் காட்டுங்கள். என் பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.