பதினொரு ஊதல்கள்

மண் ஊதலுக்கு ஈரத்துணி ஆகாது ஐயா. உலர்ந்த பருத்தித் துணியால்தான் துடைக்க வேண்டும். உங்கள் ஆட்களிடம் கொஞ்சம் சொல்லி வையுங்கள்.

குருவி, ஆந்தை, வாத்து, புறா என்று எல்லாமே பறவை வடிவ ஊதல்கள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. நானும் தம்பியும் இருபத்தாறு வருடங்களாகச் சேர்த்தவை. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இத்தனை பறவைக்கு நடுவில் எந்தப் பெண் வந்து குடித்தனம் பண்ணுவாள் என்று தம்பி சிரிப்பான்.

ஞாயிறு காலை பரிசோதனை. ஊதலில் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில் தெரிந்துவிடும். தம்பி உள்ளறையில் ஒவ்வொன்றாக ஊதுவான். நான் கூடத்தில் உட்கார்ந்து, பார்க்காமலே, அதன் எண்ணை நோட்டில் எழுதுவேன். முடிந்ததும் ஒப்பிடுவோம். இதுவரை நான் ஒன்றைக்கூட மாற்றி எழுதியதில்லை.

போன மாதம் ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் சேகரிப்பைப் பற்றி எழுத வந்தார். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"எல்லாமே நான் சேர்த்ததுதான் சார். அண்ணன் கூடமாட ஒத்தாசை பண்ணுவாரு, தூசி தொடைப்பாரு. பாவம், அவருக்குக் காது மந்தம்."

பாதி ஊதல்களைப் பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வந்தவன் நான். கூடப் பிறந்தவனே நம்பவைத்துக் கழுத்தை அறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? டீயைக் கொண்டுபோய் இருவருக்கும் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன்.

அந்த ஞாயிறு தம்பி மேல்தட்டுக்கு ஏணி போட்டான். மேல்படியில் ஆணி கழன்றிருந்தது எனக்குத் தெரியும். நான் கழற்றவில்லை, தானாகக் கழன்றதுதான். எப்போதும் நான்தான் திரும்ப அடித்து வைப்பேன். அந்த வாரம் அடிக்கவில்லை.

தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஊதல். நாற்பத்தேழு, நீளவால் குருவி. எழுதிக்கொண்டேன். அப்புறம் நூற்றிரண்டு. மூச்சு பிசிறடித்தது, ஆனாலும் ஆந்தைதான். இடைவெளி கூடிக்கொண்டே போனது. மதியத்துக்குள் பதினொன்று ஆயிற்று.

மூன்று மணிக்கு நோட்டோடு உள்ளே போனேன். உடம்பு சில்லிட்டிருந்தது. கைக்கு எட்டியவற்றை எடுத்து ஊதியிருக்கிறான், சுற்றிலும் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பி அடியிலிருந்த எண்ணைப் பார்த்தேன். பதினொன்றும் சரியாக இருந்தன.

அது பரிசோதனை நேரம் ஐயா. அவன் ஊதினால் எழுதுவது என் வேலை. வாய்விட்டு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் ஓடியிருக்க மாட்டேனா?

நோட்டில் பன்னிரண்டாவது வரியில் ஏதோ எழுதி அடித்திருக்கிறதே என்கிறீர்கள். அது ஊதல் இல்லை. "அண்ணா" என்றான். அதற்கு எண் கிடையாது, அதனால் அடித்துவிட்டேன்.