இல்லாத ஆய்வாளரை ஈன்றெடுத்த பேராசிரியருக்கு

அடிக்குறிப்புகளின் அன்னையே! மேற்கோள் குறிகளின் மெய்க்காவலரே! துணைநூற் பட்டியலின் துலாக்கோலே! முப்பத்து மூன்று ஆண்டுகள் மூன்றாம் மாடியை முறையாக ஆண்டு, இன்று மாலை படியிறங்கும் பெருந்தகையே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு துறையில் எல்லாரையும் சுற்றிவந்து, கூட்டத்துக்கு வராதவர் என்ற ஒரே தகுதியால் நூலகரின் தலையில் விழுந்தது. அது பொருத்தமே. தங்களைப் போற்றிப் பேச நாங்கள் அனைவரும் உண்டு. தங்களோடு சேர்ந்து ஒரு பொய் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்னும் பாடம், பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும் பாடம். அதைத் தாங்கள் நடத்தியபோது மட்டும் பின்வரிசை விழித்திருந்தது. விழிப்புக்குக் காரணம் ஆர்வம் பாதி, அச்சம் பாதி. எடுத்தாண்ட நூலை மாணவர் கையோடு கொண்டுவந்து தங்கள் மேசையில் பிரித்துக் காட்ட வேண்டும். இணையத்தில் கண்டதென்றால், கண்ட நாளையும் நேரத்தையும் தம் கைப்பட எழுதித் தர வேண்டும். "பக்க எண் அம்மா" என்று தாழ்வாரத்தில் அவர்கள் சொல்வது தங்கள் காதில் விழுந்தே இருக்கும். காணாத நூலைக் கண்டதாக எழுதினால் ஆய்வேடு திரும்பும், ஓராண்டு போகும் என்பது தாங்கள் வகுத்த விதி. கல்லூரி முதல்வரின் தங்கை மகனுக்கும் அதே விதிதான். அன்று தங்கள் நேர்மையை நாங்கள் பாராட்டவில்லை. ஆளுக்கொரு அவசர வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டோம். அந்தப் பாராட்டை இன்று தாமதமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னர் இணையம் எல்லார் கைக்கும் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மதியம், ஒரு கட்டு ஆய்வேடுகளை நூலகரின் மேசையில் பொத்தென்று போட்டீர்கள்.

"தம்பி, இவங்க படிக்கிறதே இல்ல. தேடுறாங்க, கிள்ளுறாங்க, ஒட்டுறாங்க. ஒரு பொறி வைப்போமா?"

"எலிக்கா மேடம்?"

"பிள்ளைங்களுக்கு. இல்லாத ஒருத்தரை எழுதி வைப்போம். யார் வந்து கடிக்கிறாங்கன்னு பாப்போம்."

நூலகருக்கு அன்று ஒரே குதூகலம். இரும்பு அலமாரி செய்த நிறுவனத்தின் பெயரில் பாதியையும், வாசலில் நிற்கும் பேருந்தின் பலகையில் பாதியையும் ஒட்டி அவர் ஒரு பெயர் சமைத்தார். பிறந்த ஆண்டும் இரண்டு பட்டங்களும் கொடுத்தார். தாங்கள் கட்டுரையை எழுதினீர்கள்: 'வெற்றறைகளில் மனிதர் குரல் தாழ்த்திப் பேசுவது ஏன்?' நான்கே பக்கம். அதை இலவசப் பக்கமொன்றில் ஏற்றினீர்கள். அந்தப் பருவத்தில் பதினேழு பேர் அந்த ஆய்வாளரை மேற்கோள் காட்டினர். அவருடைய பேச்சை நேரில் கேட்டதாகவே ஒருவர் எழுதியிருந்தார். வகுப்பில் தாங்கள் உண்மையை உடைத்தபோது எழுந்த சிரிப்பு கீழ்த்தளம்வரை கேட்டது.

அதன்பின் அந்தப் பக்கத்தை அகற்றியிருக்க வேண்டும். நூலகர் அகற்றியிருப்பார் என்று தாங்கள் இருந்தீர்கள்; தாங்கள் அகற்றியிருப்பீர்கள் என்று நூலகர் இருந்தார். ஊரெல்லாம் ஆதாரம் கேட்கும் இருவர், ஒருவரையொருவர் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆய்வாளர் வளர்ந்தார். மூன்றாம் ஆண்டில் கடல்கடந்த கல்லூரியொன்றின் ஆய்வேட்டில் தலைகாட்டினார். ஏழாம் ஆண்டில் அவருடைய இரண்டாம் கட்டுரை வெளிவந்தது.

"இத நீங்க எழுதினீங்களா மேடம்?"

"நீ எழுதலையா?"

நூலகத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. இருவரும் கிசுகிசுத்துக்கொண்டிருப்பதை நூலகர்தான் முதலில் கவனித்தார். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, தேவையில்லாமல் உரக்க மின்விசிறியைப் பற்றி ஏதோ பேசினார்.

தாங்கள் சும்மா இருக்கவில்லை. இதழ்களுக்கெல்லாம் எழுதினீர்கள்: இப்படி ஒருவர் இல்லை, நீக்குங்கள் என்று. சிலர் நீக்கினர், பலர் பதிலே போடவில்லை. ஓர் இதழாசிரியர் மட்டும் மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார்: "தங்கள் ஐயத்தைக் கட்டுரையாளரிடமே தெரிவித்தோம். தாம் நலமாக இருப்பதாகவும், தங்களைக் கேட்டதாகச் சொல்லும்படியும் எழுதியுள்ளார்." அக்கடிதத்தை நூலகர் ஒரு தடித்த அகராதிக்குள் வைத்து மூடினார். அன்றிலிருந்து அந்த அகராதியை அவர் எடுப்பதில்லை. சொற்களுக்குப் பொருள் தெரியாமலே காலம் தள்ளுகிறார்.

கேட்டதும் எழுதித்தரும் எந்திரங்கள் வந்தபின் அந்த ஆய்வாளரின் பெயர் வராத துணைநூற் பட்டியலே அரிதாயிற்று. ஆயினும் தங்கள் விதி மாறவில்லை.

சென்ற பருவத்தில் ஒரு பெண் வந்தாள். அடுமனைக்காரரின் மகள். மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளில் மக்கள் பேசுவதைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேட்டில், அந்த ஆய்வாளரின் நூலிலிருந்து ஒரு வரி இருந்தது. பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. அவளுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. பட்டம் தவறினால் அந்த வேலையும் போகும். துறையில் எல்லாருக்கும் அது தெரியும், விதியும் தெரியும். நூலகரைச் சாட்சிக்கு அழைத்தீர்கள்.

"இப்படி ஒரு ஆளே இல்லம்மா."

"இருக்கார் மேடம். புத்தகத்தைக் கையில வச்சுப் படிச்சேன்."

"எங்க?"

"நம்ம நூலகத்துலதான். சார்தான் முத்திரை குத்திக் கொடுத்தார்."

"நானா?" என்றார் நூலகர்.

மூவரும் இறங்கிப் போனீர்கள். கடைசி வரிசை, கீழ்த்தட்டு. சாம்பல் நிற அட்டை. முதல் பக்கத்தில் நூலகரின் கையெழுத்து, நூலகரின் முத்திரை, நான்காண்டுக்கு முந்தைய தேதி. இருநூறு புத்தகங்கள் ஒரே நாளில் வந்திறங்கியபோது, தாம் பெயர் வைத்த ஆளின் நூலுக்கே அட்டையைப் பாராமல் பதிவெண் போட்டிருக்கிறார் மனிதர்.

"இணையத்துல கிடைக்கிறத அள்ளி அச்சடிச்சு விக்கிறவங்க இருக்காங்க மேடம். அப்படி வந்திருக்கும்" என்று அவர் விளக்கினார். நல்ல விளக்கம். தாங்கள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பும்வரை அது தாக்குப்பிடித்தது.

அவள் எடுத்தாண்ட வரிக்குக் கீழே ஒரு பேராசிரியை இருந்தார். மாணவர் அனைவரும் போனபின் கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் பாடத்தைக் காலி இருக்கைகளுக்குத் தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பவர். மூன்றாம் வரிசைக்குப் புரிந்ததா என்று சற்றுக் காத்திருந்து, பிறகே விளக்கை அணைப்பவர்.

"யாரு மேடம் இது?"

தாங்கள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான்தான் தம்பி. முப்பது வருஷமா செய்யிறேன். வீட்டுல கூடச் சொன்னதில்ல."

"அப்ப அந்த மூணாவது வரிசையில..." என்று தொடங்கிய நூலகர், அந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்கவில்லை.

அந்தப் பெண்தான் முதலில் அசைந்தாள். "மேடம், நான் நிஜமாவே பார்த்தேன். பார்த்துத்தானே எழுதணும்னு சொன்னீங்க? இப்ப என் கதி என்ன?"

"நீ சரியாத்தான் செஞ்சிருக்க. தப்பு எங்க பேர்ல. நீ நிம்மதியா வீட்டுக்குப் போ."

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கல்விக் குழுவின் முன் தாங்கள் நின்றீர்கள். அந்த ஆய்வாளர் தங்கள் புனைவு என்றும், பார்த்ததையே எழுதிய பெண்ணுக்குப் பட்டம் உரியது என்றும், பொய் ஆதாரத்துக்கான தண்டனை அதைப் படைத்தவருக்கே சேரும் என்றும் சொன்னீர்கள். குழு இரண்டையும் ஏற்றது. பெண்ணுக்குப் பட்டம் கிடைத்தது. ஓய்வுக்குப் பின் தங்களுக்கு வழங்கவிருந்த தகைசால் பேராசிரியர் என்னும் சிறப்பு நின்றுபோயிற்று. "எங்கள்" என்று நூலகத்தில் சொன்ன தாங்கள், குழுவின் முன் "என்" என்று மட்டும் சொன்னீர்கள்.

நூலகர் அப்போது கதவுக்கு வெளியே நின்றிருந்தார். கைப்பிடியில் கைவைத்தார், திருப்பவில்லை. உள்ளே தங்கள் குரல் தனியாகக் கேட்டது. அவர் படியிறங்கிப் போய், ஒழுங்காக அடுக்கியிருந்த புத்தகங்களை மறுபடி அடுக்கினார். ஆகவே இன்று, முதல்வர் முன்னிலையில், மாலையும் கையுமாக நிற்கும் அனைவர் காதிலும் விழும்படி இம்மடல் பதிவு செய்கிறது: அந்தப் பொய்யில் பாதி அவருடையது. பெயர் அவர் வைத்தது. பட்டங்கள் அவர் கொடுத்தவை. வாசித்து முடித்ததும் முதல்வர் அவரைத் தாராளமாக அழைக்கலாம்.

குழுவின் முன் அளித்த வாக்குமூலத்தைத் தாங்கள் இணையத்திலும் வெளியிட்டீர்கள்: 'இவர் இல்லை. இவரை நான் உருவாக்கினேன்.' அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

சென்ற வாரம், தாங்கள் பணியில் சேர்ந்த தேதியைப் பார்ப்பதற்காக நூலகர் தங்கள் பெயரைத் தேடினார். திரை நிதானமாகச் சொன்னது: இப்பெயரில் பேராசிரியர் எவரும் இருந்ததில்லை, மாணவரின் கவனத்தைச் சோதிக்க அந்த ஆய்வாளர் படைத்த கற்பனைப் பாத்திரமே இவர். கீழே மூன்று ஆதாரங்கள். பக்க எண்கள் இருந்தன, பார்த்த தேதிகள் இருந்தன. எல்லாம் தாங்கள் கற்பித்த முறையில், ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல். நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் கைப்பேசியில் தேடினோம். எல்லாவற்றிலும் அதே பதில். கல்லூரி இணையதளத்திலும் தங்கள் படம் இருந்த கட்டம் வெறுமையாக இருந்தது. ஓய்வு பெறுவோரை ஒரு வாரம் முன்பே நீக்கிவிட்டதாக அலுவலகம் சொல்கிறது. அலுவலகம் எதையாவது முன்கூட்டிச் செய்தது இதுவே முதல் தடவை; அதுதான் எங்களை இன்னும் கலங்கடிக்கிறது.

ஆகவே இம்மடலில் எதையும் தேடி எழுதவில்லை. அவரவர் கண்டதை மட்டும் கேட்டு எழுதினோம். நல்ல ஆய்வேடு ஒன்றைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து தாங்கள் அழுததைப் புள்ளியியல் ஆசிரியர் கண்டிருக்கிறார். இடது முழங்கையில் எப்போதும் சுண்ணக்கட்டித் தூள் இருக்கும் என்கிறார் தட்டச்சர். பிறர் தட்டிலிருந்து பாதி பிஸ்கட்டை மட்டும் உடைத்தெடுக்கும் வழக்கத்துக்கு நாங்கள் அனைவரும் சாட்சி. நூலகர் இன்று காலை, யாரும் பாராதபோது, வாசலில் விரித்து வைத்திருந்த தங்கள் குடையைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அதன்பின்தான் அவருக்குத் தேநீர் இறங்கியது.

பெருந்தகையே! நோயற்று வாழ்க, நூறாண்டு வாழ்க, நிழல் விழும்படி வாழ்க! வாரம் ஒருமுறை எங்களைக் காண வருக. தொலைபேசியில் நலம் சொன்னால் போதாது, கடிதமும் வேண்டாம். நேரில் வந்து, எங்கள் தட்டிலிருந்து எடுத்து உண்டுவிட்டுப் போக வேண்டும். தாங்கள் வந்தீர்கள் என்று நாங்கள் எழுதி வைப்பதற்காக மட்டுமல்ல. வந்து பார்க்கும்போது நாங்கள் இருந்தோம் என்று தங்கள் கைப்பட எழுதி வைப்பதற்காகவும்.

இங்ஙனம்,
இன்று மாலை நான்கு மணி நிலவரப்படி
தாங்களும் இருப்பதாகவே நம்பும்
துறையினரும் நூலகரும்