திறப்பு என்னட்டைத்தான் இருந்தது

லா சப்பல் கடைத்தெருவில் நல்ல பூட்டு வாங்க நினைக்கும் தமிழர்கள் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அல்பிரட்டும் கேட்டான். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் என் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த மன்னார்ப் பெடியன். இரவில் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டுப் பகலில் தூங்குவான். எண்பத்தாறாம் ஆண்டு, அப்படித் தூங்கிய ஒரு நாள், யாரோ அவனுடைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“அண்ணை, கதவுப் பூட்டு வேலை செய்யுதில்லை. மாத்தித் தாங்கோ. அது வீட்டுக்காரரின்ரை பொறுப்பெல்லோ?”

பொறுப்பைப் பற்றி எனக்கே பாடம். கோபம் வந்தது, காட்டவில்லை. கதவின் உட்புறம் குடியிருப்பவன் பொறுப்பு, வெளிப்புறம் என் பொறுப்பு என்று விளக்கினேன். என் பொறுப்பை உடனே செய்தேன். வெளிப்புறத்தில் கொண்டி அடித்து, கனமான ஆமைப்பூட்டு ஒன்று போட்டேன். காலையில் அவன் படுத்ததும் பூட்டுவேன். மாலையில் திறந்துவிடுவேன்.

“அண்ணை, ஏதும் அவசரமெண்டால் நான் என்னெண்டு வெளியிலை வாறது?”

“நித்திரை கொள்ளுறவனுக்கு என்ன அவசரம்?”

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், சூட்டுக்காக அவன் வைத்திருந்த மின்சார அடுப்பிலிருந்து போர்வை பற்றிக்கொண்டது. புகை மணத்ததும் நான் மேலே ஓடினேன். ஓடினேன் என்பதைக் கவனியுங்கள். கீழ்மாடி மர்கரீத் அம்மாள் தீயணைப்புப் படையைக் கூப்பிடப் போயிருந்தார். அல்பிரட் உள்ளேயிருந்து கதவைத் தட்டினான்.

“அண்ணை, திறவுங்கோ.”

யோசித்தேன். உயிரோடு வெளியே வந்தால், ஆளை வைத்துப் பூட்டிய கதையை லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிவான். பிறகு என்னிடம் யார் அறை கேட்டு வருவார்கள்? தட்டுவது நின்றது. அதன் பிறகு திறந்தேன். பூட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அல்பிரட் கதவடியிலேயே செத்துக் கிடந்தான்.

நான் எதையும் மறைக்கவில்லை. “திறப்பு என்னட்டைத்தான் இருந்தது” என்று அன்றே பொலிசிடம் சொன்னேன். மொழிபெயர்த்தவர் புதுச்சேரிக்காரர். நாங்கள் திறப்பு என்பதை அவர்கள் சாவி என்பார்கள். நான்தான் கதவைத் திறந்தேன் என்று அவர் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். புகைக்குள் போய்க் கதவைத் திறந்த மனிதன் என்று உங்கள் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை கொடுக்கிறவரிடம் இலக்கணம் பேசுவது மரியாதையா?

இன்று யாழ்ப்பாணத்துப் புஸ்பராணியைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். திறப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். பரவாயில்லை பிள்ளை, உள்ளதைச் சொல்லும். பூட்டியது நான்தான். தட்டுவது நிற்கும்வரை திறப்போடு நின்றதும் நான்தான். ஆனால் இதையும் விடாமல் சொல்லும்: நான் ஆமைப்பூட்டுப் போட்ட பிறகு, அந்த அறையில் ஒரு களவுகூட நடக்கவில்லை.