கொம்பு இறக்கும் வாசல்

– புளி போதும் மாமா. இன்னும் தேய்ச்சா பித்தளையே கரைஞ்சிடும்.

– விடிஞ்சா ஈஸ்டரு கிறிஸ்டினா. ட்ரம்பெட்டுல மூஞ்சி தெரியணும். நைனா இருந்தா இதையே கறுப்புன்னுவாரு. அம்மா தூங்குதா?

– தூங்குறாங்க. அதான் கொல்லைப்பக்கம் வந்தேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாளைக்கு விடியக்காலம் பேண்டு நம்ம தெருவுக்கு வரும்போது, என் வாசல்ல கொம்ப இறக்கிடுங்க.

– இன்னா சொல்றே நீ?

– சாவு விழுந்த வீட்டுக்கு எது முறையோ அதைத்தான் சொல்றேன். வருஷம் திரும்புறவரைக்கும் அந்த வாசல்ல ஊதக்கூடாது. எல்லாரும் கொம்ப இறக்கிட்டு சத்தமில்லாம நடந்து போகணும். உங்க நைனா வெச்ச முறைதானே.

– மெல்ல பேசு. அம்மா படுத்திருக்கிற ரூமுக்கும் உன் வூட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு.

– மெல்லத்தான் பேசுறேன் மாமா. ஐப்பசியிலருந்து மெல்லத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

– த பாரும்மா. வாசல் வாசலா ஊதினு வந்து உன் வாசல்ல மட்டும் நின்னுபோச்சுன்னா அம்மாவுக்குப் புரியாதா? உடம்புதான் படுக்கையில கெடக்குது, காது கத்தி மாதிரி இருக்குது. தம்பி ராபர்ட் படகு முகத்துவாரத்துல கவுந்தப்போ அது பொன்னேரி ஆஸ்பத்திரில இருந்துச்சு. பெத்த புள்ளைய அடக்கம் பண்ணதே அதுக்குத் தெரியாது. டாக்டரு இன்னா சொன்னாரு? நெஞ்சு தாங்காதுன்னாரா இல்லியா?

– சொன்னாரு.

– அப்புறம்? உன் புருஷன் கொச்சியில படகு வேலைக்குப் போயிருக்கான்னு ஊரே சேர்ந்து சொல்லினு இருக்குது. பாதிரியாரே ஒருவாட்டி சொன்னாரு. பாவம், சொல்லிட்டு நேரா கோயிலுக்குப் போய் முழங்கால்ல நின்னாரு.

– ஊரு ஒருவாட்டி சொல்லிட்டுப் போயிடுது. தெனம் நடிக்கிறது நானு. சார்ஜ் செத்த போனைக் காதுல வெச்சுக்கிட்டு, சுவத்தோரமா நின்னு, சாப்டீங்களா, அங்க மழையான்னு கேக்குறேன். கலர் சேலை கட்டுறேன். கொச்சிக்கு யாராச்சும் போனா குடுத்தனுப்புன்னு அத்தை கட்டிக் குடுத்த இறால் கருவாடு டப்பா டப்பாவா கெடக்குது. திங்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல.

– இப்பல்லாம் போன் வந்துச்சான்னு அம்மா கேக்குறதே இல்லியே. மனசு ஆறிடுச்சு போல.

– வாய்விட்டு அழணும் மாமா எனக்கு. என் வாசல்ல பேண்டு சும்மா நடந்து போச்சுன்னா, அப்ப அழுதா ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க.

– கிறிஸ்மஸுக்கு உன் வாசல்லயும் ஊதினோம், எங்க வாசல்லயும் ஊதினோம். ஒண்ணும் ஆயிடலியே.

– ஊதினீங்க. அவரு ஊதுற யூபோனியத்த பேண்டுப் பையன் வினோத் கையில குடுத்து ஊதினீங்க.

– வேற யாருகிட்ட குடுக்கிறது? கீழ் சத்தம் இல்லாம ஞானப்பாட்டு மெட்டு நிக்குமா? மேல ட்ரம்பெட்டு மட்டும் கூவினா கல்யாண ஊர்வலம் மாதிரி ஆயிடும். பசியாவரத்துலருந்து படகு புடிச்சு வந்து கேக்குறாங்க நம்ம பேண்ட.

– யூபோனியம் குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அவரு வாய் வெச்சு ஊதுற மௌத்பீஸையும் சேர்த்துக் குடுத்தீங்களே. சாப்பிடும்போதுகூட மடியில வெச்சிருப்பாரு. நான் தொட்டாலே சண்டைக்கு வருவாரு. கடலுக்குப் போனாலும் இடுப்புல செருகிக்கிட்டுப் போவாரு.

– எனக்குத் தெரியாதா? கரையில போட்டப்போ அவன் இடுப்புலருந்து நான்தான் எடுத்தேன்.

– தெரிஞ்சுமா குடுத்தீங்க?

– அதுல ஊதினா அவன் சத்தம் கொஞ்சமாச்சும் வரும்னு நெனச்சேன். வரல. வினோத்து நல்லாத்தான் ஊதுறான். ஆனா ராபர்ட் நான் மூச்சு எடுக்கிறவரைக்கும் கடைசி சத்தத்தைப் புடிச்சுனு நிப்பான். எனக்கு மூச்சு திரும்பினப்புறம்தான் விடுவான். இவன் பாட்டு முடிஞ்சதும் விட்டுடுறான். தடால்னு விழுற மாதிரி இருக்குது எனக்கு.

– அப்ப இறக்கிடுங்க மாமா. ஒரே ஒரு வாசல்தானே.

– முடியாது கிறிஸ்டினா. கொம்ப இறக்குங்கன்னு முன்னாடி நின்னு கைய காட்டவேண்டியவன் நானு. அந்தக் கை ஏறாது. நான் கைய காட்டிட்டா, என் தம்பி போயிட்டான்.

– அவரு போயிட்டாரு மாமா.

– தெரியும். ஆனா அம்மா இருக்குதே. அதுக்காகத்தான் சொல்றேன். கிறிஸ்மஸ் அன்னிக்கு அது மூஞ்சிய நீ பாத்தியா? வினோத்த கட்டிலாண்ட கூப்பிட்டு, அவன் கையப் புடிச்சுனு, நல்லா ஊதுறேடா, பத்திரமா வெச்சுக்கோன்னுச்சு. எவ்ளோ சந்தோசம் அதுக்கு.

– அப்ப அவன் கையில இன்னா இருந்துச்சு?

– இன்னா இருக்கும், நான் குடுத்த கேக்கு இருந்திருக்கும்.

– இன்னொரு கையில?

– மௌத்பீஸு. எச்சில் தொடைச்சுனு இருந்தான்.

– செவப்பு நூலு சுத்தினது. அந்த நூலைச் சுத்தினது யாரு மாமா?

– அம்மாதான். நைனா அதை ராபர்ட்கிட்ட குடுத்த அன்னிக்கு, வழுக்காம இருக்கட்டும்னு.

– ஆமா.

– கிறிஸ்டினா, நீ இன்னா சொல்ல வர்றே?

– சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா நீங்க நாளைக்கும் ஊதத்தான் போறீங்க. அதனால சொல்றேன்.

– சொல்லு.

– கொம்ப இறக்கச் சொன்னது நான் இல்ல மாமா, அத்தைதான். நீ கேக்குற மாதிரியே கேளு, எனக்குத் தெரியும்னு பெரியவனுக்குத் தெரியவேணாம், அவன் நெஞ்சு தாங்காதுன்னு சொல்லி அனுப்பினாங்க.