உப்பளக் காசு

என் வீட்டுக் காபி கொஞ்சம் கசக்கும். சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

நானும் என் மனைவி நேஷாவும் சிற்பிகள். ஒரே பட்டறையில்தான் வேலை. எங்கள் கடற்கரை ஊரான பீரானின் உப்பளங்களைச் சிறப்பிக்க இரண்டு யூரோ காசு ஒன்று வெளியிடப்போவதாகச் சொல்லி, வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். இந்தப் போட்டிகளில் வரைபடத்தின்மேல் பெயர் இருக்கக் கூடாது. பின்பக்கம் ஓர் அடையாளச் சொல் எழுத வேண்டும். பெயர் எழுதிய சீட்டு, அதே சொல் எழுதி ஒட்டி மூடிய தனி உறைக்குள் இருக்கும். நடுவர்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் அதைப் பிரிப்பார்கள்.

உப்பு வாரும் பெண்ணின் குனிந்த முதுகு, சுற்றிலும் யூரோ காசுக்குரிய பன்னிரண்டு நட்சத்திரங்கள்: அதுதான் நேஷா வரைந்தது. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருடமாக எல்லாப் போட்டியிலும் தோற்றவன் நான். இந்த முறை நானும் அதே உப்பு வாரும் பெண்ணைத்தான் வரைந்திருந்தேன்.

"என்ன லாட்கோ, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? உன் படத்துல அவ துடைப்பம் புடிச்ச மாதிரில்ல நிக்கிறா," என்று சிரித்தாள்.

சரியாகத்தான் சொன்னாள்.

போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள் மதியம். தபாலகம் மூட ஒரு மணி நேரம் இருந்தது. நேஷா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். அவளுக்கு இதய நோய் பல வருடமாக உண்டு.

"மாத்திரை... அலமாரியில... சீக்கிரம் எடு."

எடுக்கத்தான் போனேன். வழியில், மேசைமேல் அவள் உறை இருந்தது. பக்கத்தில் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உறையை ஆவியில் காட்டினேன், பசை விட்டது. உள்ளே சீட்டில் இரண்டு பெயர்கள். என் பெயர் முதலில்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்னையும் சேர்த்துத்தான்டா போட்டிருக்கேன்... மாத்திரை..."

மனம் இளகிவிட்டது, மறைக்க மாட்டேன். அலமாரிக் கதவுவரை போனேன். இரண்டு பெயர் இருந்தால் ஊர் அவளைத்தான் புகழும் என்று தோன்றியது. திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவதில் என் பெயரை மட்டும் எழுதி, உறையை ஒட்டி, அவள் வரைபடத்தோடு தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். அதற்குள் அவள் மூச்சு நின்றிருந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன்.

நீங்கள் கண்டெடுத்த அந்தப் பழைய சீட்டை ஏன் கிழிக்கவில்லை என்கிறீர்கள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும். மனசு வரவில்லை.

காசு வெளிவந்துவிட்டது. ஓரத்தில், வடிவமைத்தவருக்கான இடத்தில், என் பெயரின் முதலெழுத்துகள் மட்டும். தயவுசெய்து திருட்டு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கேட்டிருந்தால் நேஷாவே முழுசாக விட்டுக்கொடுத்திருப்பாள். கேட்கத்தான் நேரமில்லாமல் போய்விட்டது.