டேங்கர் வண்டியும் எறும்புக் கணக்கும்

எழுந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்று அசையாமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அண்ணன் ஹரோல்ட் அவர்களே, ஊரிகம் தங்கச் சுரங்க லைன் வீடுகளின் மூத்தோரே, நாளைய வரிசைக்கு இன்றே குடம் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, விழா நாயகி முனைவர் அமலா அவர்களே, தண்ணீர்க் கமிட்டிச் செயலாளன் சம்பங்கியின் வணக்கம்.

நம் லைனில் பிறந்த அமலா டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். எதில்? எறும்பில். சிரிக்காதீர்கள். எறும்பு நடக்கிற பாதையில் வாசனை விட்டுப் போகும். குறுக்கு வழியில் நடமாட்டம் கூடும், வாசனை ஏறும். சுற்றுவழியில் வாசனை ஆவியாகும், எறும்பு அதை மறந்துவிடும். அந்த மறதியைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து நல்ல வழி காண்பதுதான் இவருடைய ஆராய்ச்சி. இன்னொன்றும் செய்கிறாராம். ஒரு சொட்டு நீரில் டிஎன்ஏ இழைகளை மிதக்கவிட்டால், கோடிக்கணக்கான வழிகளை அவை ஒரே சமயத்தில் சோதித்துப் பார்க்குமாம். அவர்களுக்கு ஒரு சொட்டு போதும். நம்மிடம் ஐயாயிரம் லிட்டர் டேங்கர் இருக்கிறது, ஒரு வழிகூடத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு நம் டேங்கருக்கும் அமலா வழி போட்டுக் கொண்டுவந்தார். நைட் ஷிப்ட் லைனுக்கு முதலில் வண்டி போகட்டும் என்றார். கமிட்டி கொதித்துவிட்டது.

"இன்னாம்மா பேசற? நைட் ஷிப்ட் ஆளுங்க காலையில தூங்க வாணாவா? வண்டி பன்னெண்டு மணிக்குத்தான் போவணும்."

எப்பேர்ப்பட்ட கருணை, எப்பேர்ப்பட்ட கரிசனம்! லைனுக்கு ஷிப்ட் பெயர் வைத்த சுரங்கம் மூடி இருபது ஆண்டு தாண்டிவிட்டது. ஆளேற்றிய கேஜ் இறங்குவதில்லை, சங்கு முழங்குவதில்லை, ஷாஃப்ட் குழிக்குள் தண்ணீர் நிற்கிறது. ஆனால் டேங்கர் மட்டும் இன்றுவரை ஷிப்ட் தவறவில்லை. யாருடைய தூக்கத்தை ஐயா காக்கிறோம்?

அந்த லைனில் குடியிருக்கும் பாக்கியவதி, காலை ஆறு மணி ரயில் பிடித்துப் பெங்களூரு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டில் பூட்டுதான் தண்ணீர் பிடிக்கும். ஸ்டேஷனில் என்னை நிறுத்திச் சொன்னார்:

"அண்ணா, வெறுங் கொடத்த வச்சிட்டுப் போறேன், வந்து வெறுங் கொடத்தத்தான் எடுக்கறேன். எறும்புக்குத் தெரியறது உங்களுக்குத் தெரிலயா?"

பின்வரிசையில் என்ன சத்தம்? "எந்த லைனுக்கு எப்ப வண்டின்னு அந்த லிஸ்ட் எழுதினது யாரு?" என்றா கேட்கிறீர்கள்? நன்றாகக் கேளுங்கள்.

நான்தான். முதல் ஷிப்ட் லைனில் குடியிருக்கிற நானேதான். காலை ஐந்து மணிக்கு என் வாசலில் வண்டி நின்றது, என் குடம் நிறைந்தது, ஆகவே வழி சரி என்றே எனக்குப் பட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இதோ அந்த லிஸ்ட். கிழிக்கிறேன். தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும். அமலாவின் தோளில் சால்வையைப் போட்டுவிட்டு, அவர் போட்ட வழியைக் குப்பையில் போட்டால் அது பாராட்டா, பரிகாசமா? டிரைவர் விநாயக், நாளைக் காலை ஐந்து மணிக்கு வண்டி பாக்கியவதி வாசலில் நிற்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. நாளை பகல் பன்னிரண்டு வரை குளிக்க வழியில்லாத செயலாளனின் வணக்கம்.