காவலர் குடியிருப்பில் உறங்கும் கள்வன்

சிறுநீரகம் தந்தோரும் பெற்றோரும் கூடியிருக்கும் இம்மன்றத்தைத் தலைமையேற்று நடத்தும் டாக்டர் அம்மா அவர்களே, ஊசி குத்தினாலும் உள்ளத்தைக் குத்தாத செவிலியச் சகோதரிகளே, பெற்ற பிள்ளைக்கு இரண்டாம் முறையும் உயிர் ஈந்த தாய்மார்களே, பெரியோர்களே, மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும் என் அக்காவே! இந்தத் தையல்காரனின் பணிவான வணக்கம்.

என் இரு சிறுநீரகங்களும் இயங்க மறுத்தபோது, "என்னோடத எடுத்துக்கடா" என்று சொன்னவர் இவர். பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது இவர் வேலை. எல்லாச் சோதனையும் முடிந்தது. ஒரே ஒரு ரிப்போர்ட் மட்டும் வரவில்லை. கேட்டால், "லேப்ல இன்னும் தரலைடா" என்பார். ஒரு வாரமா? இரண்டு வாரமா? மூன்று வாரம்! நானோ டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தேன். அக்கா மனம் மாறிவிட்டாரோ என்று, வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தேகப்பட்டேன்.

அந்த ரிப்போர்ட் எங்கே இருந்தது தெரியுமா? வேன் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்! ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று, 'பாசிட்டிவ்' என்றிருந்தது. கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறார். பாலுறவால் பரவும் நோய், அது இது என்று கண்டதெல்லாம் வந்து கலங்கடித்திருக்கிறது. மானம் போகுமே என்ற அச்சம்! தம்பிக்குத் தரவிடமாட்டார்களே என்ற தவிப்பு!

கடைசியில் அழுதுகொண்டே நீட்டினார். டாக்டர் அம்மா என்ன சொன்னார்? "இதுக்கா அழறீங்க? எனக்கும்தான் இருக்கு. பெரியவங்க முக்காவாசிப் பேருக்கு இருக்கும். சின்ன வயசுல எச்சில் வழியா வந்திருக்கும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் இப்போதுதான் சிரிக்கிறேன்!

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே அது புகுந்து, ஆயுள் முழுக்க அங்கேயே உறங்குமாம். கள்வன் ஒளிந்துகொள்ளக் காவலர் குடியிருப்பையே பிடித்திருக்கிறான்! காவல் வலுவாக இருக்கும்வரை கண் திறக்கமாட்டான். மாற்றுறுப்பை உடல் ஏற்பதற்காக அந்தக் காவலை மருந்தால் தளர்த்துகிறார்களே, அப்போது? விழித்துக்கொள்வான்! நுரையீரலைத் தாக்குவான், குடலைத் தாக்குவான், வந்த சிறுநீரகத்தையும் வாரிக்கொண்டு போவான்.

சிறுநீரகம் பொருத்தும் முன் என் இரத்தத்தில் அது இருந்ததில்லை. அக்காவிடம் இருக்கிறது என்று தெரிந்ததால்தான் எனக்கு ஆறு மாதம் தடுப்பு மாத்திரை தந்தார்கள். அதை நிறுத்தி மூன்று மாதமாகிறது. இன்று காலைச் சோதனையிலும் வைரஸ் தென்படவில்லை. அப்பாடா! அது எனக்குள் வந்து உறங்குகிறதா, வரவே இல்லையா, எனக்குத் தெரியாது. எழவில்லை, எனக்கு அது போதும்.

அக்கா! மானம் போகுமே என்ற அச்சத்தையும் மீறி அந்தத் தாளை நீட்டினாய். சிறுநீரகத்தைவிட எனக்கு அதுதான் பெரிய கொடை. உன்னைச் சந்தேகித்த தம்பியை இத்தனை பேர் முன்னிலையில் மன்னித்துவிடு!

என்ன சொல்கிறார்? "போதும்டா, எறங்கி வா" என்கிறார்!

உத்தரவு வந்துவிட்டது. செவிமடுத்த உள்ளங்களுக்கெல்லாம் நன்றி. இன்று நிம்மதியாகத் தூங்கப்போகிறவனின் வணக்கம்!